வலப்பக்கத்துப் படம்

நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, சிவலிங்கம் அண்ணையின் படகில் தொழிலுக்குப் போகும் தேவனின் அழைப்பு வந்தது. "அக்கா, சிவலிங்கண்ணைக்கு விடியப்புறம் நெஞ்சுநோ. ஆள் முடிஞ்சுது." கத்தரிக்காயைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து நின்று அழுதேன்.

பருத்தித்துறையில் கடற்றொழில் செய்பவர்களுக்கு சிவலிங்கம் அண்ணையை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. திமிங்கிலச் சுறாக்களைப் பதிவு செய்யும் வேலைக்காக அவரிடம் போனவள் நான். படகைவிட நீளமாக வளர்ந்தாலும், கடலில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை வடித்துத் தின்னும் சாது அது. அதன் உடம்பிலுள்ள வெள்ளைப் புள்ளிகள் கைரேகை போல ஆளுக்காள் மாறுபடும். செவுளுக்குப் பின்னால் இடப்பக்கத்தைப் படமெடுத்தால் இன்ன ஆள் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கப் புள்ளிகளும் ஒரே மாதிரி இராததால், பதிவில் இடப்பக்கத்தை மட்டுமே ஒப்பிடுவோம். இதை எல்லாப் படகுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய வலையில் ஒன்று சிக்கியது. கயிறு முதுகுச் செட்டையை அறுத்திருந்தது. அண்ணை வலையை வெட்டி அதை விட்டார். சிறிது தூரம் கூடவே படகை ஓட்டி ஒரு படமும் எடுத்து அனுப்பினார். பார்த்தால் வலப்பக்கம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தினை தரம் சொன்னனான் அண்ணை? உது ஒண்டுக்கும் உதவாது."

"பிள்ளை, வலக்கையிலை எஞ்சின் பிடி, இடக்கையிலை போன். உவன் என்ரை இடப்பக்கம்தானே வருவான், அப்ப உவன்ரை வலப்பக்கம்தானே தெரியும்" என்று சிரித்தார்.

வெட்டிய வலையைப் பற்றி யாராவது கேட்டால், "வலையை நாங்கள் பின்னலாம். உவனை ஆர் பின்னுறது?" என்பார். என்னிடம் மட்டும், காணும்போதெல்லாம் ஒரே கேள்வி. "அந்தக் காயத்தோடை பிழைச்சிருப்பானோ, பிள்ளை?" "தெரியாது அண்ணை" என்பேன். "சிவலிங்கத்தாருக்கு மருமோன்ரை கவலை" என்று கரையில் நின்றவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

அண்ணையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து தேவன் மறுபடி கடலுக்குப் போனான். பதினைந்து வருடம் அண்ணையோடு தொழில் செய்தவன். மத்தியானம் ஒரு படம் அனுப்பினான். திமிங்கிலச் சுறா. அதுவும் வலப்பக்கம். அண்ணையிடம் தொழில் பழகியவன் வேறு எப்படி எடுப்பான்? ஏசுவதற்காக அவனை அழைக்கப் போனவள் அப்படியே நின்றேன். செவுளுக்குப் பின்னால் வரிசையாக மூன்று புள்ளி, அதன் கீழே கொக்கி போல ஒரு வளைவு. பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. செட்டையில் கயிறு அறுத்த இடம் ஆறி, வெள்ளைத் தழும்பாக இருந்தது.

தேவன் என் பேச்சைக் கேட்டு இடப்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தால், இது எவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அன்று பின்னேரமே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவரில் மாலை போட்டிருந்த அண்ணையைப் பார்த்து, "கேட்டியளே? உங்கடை ஆள் நல்லா இருக்கிறானாம்" என்றார்.

என் படிவத்தில் இப்போது இரண்டு பக்கத்துக்கும் இடம் இருக்கிறது. அண்ணையின் அந்த உதவாத படம் என்னோடுதான் இருக்கும். அவருடைய கேள்வியும் இருக்கும். அடுத்த வலையை வெட்டப் போகிறவர் அதே கேள்வியைக் கேட்டால், "ஓம், பிழைக்கும்" என்று சொல்ல இனி எனக்கு வாய் இருக்கிறது.