மூன்றாம் நாள் முட்டை

அடையிலிருக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் கையை நுழைத்தால், காய்ச்சல்காரனின் அக்குளில் கை வைத்ததுபோலச் சுடும். அந்தச் சூட்டிலிருந்து என் பத்தாவது வயதில் மூன்று முட்டைகளைத் திருடி உடைத்தேன். மீதி எட்டையும் சாகவிட்டேன். பழி என் சித்தியின் மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. இதை எழுத அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பசுவந்தனைக்குப் பக்கத்தில், வானம் பார்த்து விதைக்கும் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியம்மாவின் மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் பிள்ளை என்று இருந்தது நான் ஒருவன்தான். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு கழுகுமலையிலிருந்து வந்த செண்பகம் சித்திக்கு அப்போது இருபது வயது இருக்கும். அதற்குள் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது முறை, பார்க்க வந்த மருத்துவச்சி புறவாசலில் கை கழுவிக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னதை வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்று கேட்டேன்: "உசுரெல்லாம் இன்னும் வரல தாயி. வெறும் ரத்தந்தான்."

உயிர் வருவதற்கு முன்பே இரத்தம் எங்கிருந்து வந்தது? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது. விளையாட ஆளில்லாத பிள்ளைக்கு இப்படிப்பட்ட கேள்விகள்தான் கூட்டாளி.

புரட்டாசியில் சாம்பல் நிறக் கோழி ஒன்று அடைக்குக் கூவியது. பெரியம்மா முட்டைக் கூடையைச் சித்தியின் பக்கம் தள்ளினாள். "ஏட்டி, இந்தத் தடவை நீ வையி. உங் கைராசி எப்படின்னு பாப்போம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சித்தப்பாவுக்கு வேறொரு பெண் பார்க்கலாம் என்ற பேச்சு ஏற்கனவே நடந்துகொண்டிருந்ததால் வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கூடையில் வைக்கோல் பரப்பி, பதினொரு முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். இடிச் சத்தத்துக்குக் கரு கலங்காமலிருக்க ஒரு துண்டு இரும்பையும் இரண்டு அடுப்புக்கரியையும் ஓரத்தில் செருகினாள்.

காலாண்டுப் பரீட்சை லீவு. எல்லாரும் விதைப்புக்குப் போய்விட, வீட்டில் நானும் கோழியும்தான். முதல் நாள் ஒரு முட்டையை எடுத்து அலுமினியத் தட்டில் உடைத்தேன். மஞ்சள் கருவின் மேல் வெளிறிய வட்டம் ஒன்று, அவ்வளவுதான். மறுநாள் உடைத்ததில், அந்த வட்டத்தின் நடுவில் அல்ல, அதன் வெளி ஓரத்தில், மிளகாய்ப்பொடி சிந்தியதுபோல மங்கலான செம்புள்ளிகள். மூன்றாம் நாள் முட்டையில் அந்தப் புள்ளிகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து சிவப்பு வலையாகியிருந்தன. நடுவே கடுகளவு ஒன்று துடித்தது. தட்டில் ஊற்றிய பிறகும் துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, நின்றது.

பயம் பிடித்துக்கொண்டது. அன்று முட்டைக்குக் கை நீட்டியபோது கொத்த வந்த கோழியைப் பிடித்து முற்றத்தில் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடியிருந்தேன். அதை மறந்தே போனேன். தட்டை எடுத்துக்கொண்டு ஓடி, முந்தைய இரண்டையும் கொட்டிய அதே நிலவெடிப்பில் கொட்டிவிட்டு, ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். இடியோடு மழை வந்தது. நனைந்தபடி பொழுது சாயத் திரும்பியபோது வீட்டார் இன்னும் வந்திருக்கவில்லை; கோழி பஞ்சாரத்துக்குள் கத்திக்கொண்டிருந்தது. கூடையிலிருந்த எட்டு முட்டைகளும் குளிர்ந்து கிடந்தன. கோழியைத் திரும்ப அவற்றின் மேல் விட்டேன். அதுவும் உட்கார்ந்தது, பாவம், இன்னும் பதினெட்டு நாள்.

இருபத்தொரு நாள் கழிந்து பெரியம்மா உடைத்துப் பார்த்தாள். எட்டும் கூமுட்டை. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, "மூணச் சாரைப்பாம்பு தின்னுட்டுன்னு வையி, எட்டுக்கு என்ன கேடு?" என்றாள்.

"அன்னைக்கு இடி இடிச்சுதுல்லா மதினி" என்றார் என் அப்பா.

"இரும்பும் கரியும் வச்சிருக்கே கொழுந்தனாரே, எப்படிக் கலங்கும்? வச்ச கைதான்."

சித்தி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் போதும். அடி விழும் என்ற பயத்தில் அதைச் சொல்லவில்லை. தை பிறக்குமுன் சித்தியைக் கழுகுமலைக்கு அனுப்பினார்கள். சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

நான் விலங்கியல் படித்து, கல்லூரியில் கருவியல் சொல்லிக்கொடுத்தேன். இரத்தம் முதலில் உருவாவது கருவின் உடலுக்குள் அல்ல, அதற்கு வெளியே, மஞ்சள் கருவைப் போர்த்தியிருக்கும் உறையில். அங்கே செல்கள் தீவு தீவாகக் கூடும். தீவின் கரையில் நிற்பவை குழாய்ச் சுவராகும், உள்ளே இருப்பவை இரத்த அணுக்களாகும். இதயம் துடிக்கத் தொடங்குவதற்கு முன்பே இது தொடங்கிவிடும். மனிதக் கருவிலும் மஞ்சள் கருவே இல்லாத அப்படி ஒரு பை உண்டு. மூன்றாவது வாரத்தில் அங்கேதான் முதல் இரத்தம். ஈரலும் எலும்பு மஜ்ஜையும் அந்த வேலையை ஏற்பது பிறகுதான். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு முன் மூன்றாம் நாள் முட்டையைத் திறந்தேன். ஒவ்வோர் ஆண்டும் கழுகுமலை பஸ்ஸில் ஏறாமலிருந்தேன்.

சென்ற ஆண்டு, என் மனைவி இறந்த பிறகு, ஏறினேன். தன் தம்பி வீட்டில் இருந்த சித்தி, தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாத்தியாரு ஆனியே, முட்டைய ஒடச்சிக் காட்டித்தான் சம்பளம் வாங்குனியோ?" என்று சிரித்தாள். பிறகு, "முட்டைக்காவா என்ன அனுப்புனாவ? அனுப்பணும்னு இருந்தாவ, முட்டை சாக்கா அம்புட்டுது" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்: "ஆனா ஏலே, எங் கைதான்னு நானே நம்பிட்டேம்லா. எந் தம்பி வீட்டுல எத்தன பிள்ள பொறந்துட்டு, ஒண்ணையும் தொடல. தள்ளி நின்னுதான் பாப்பேன்."

முட்டைக்குள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டாள். தீவுகளைச் சொன்னேன்.

"அப்ப எனக்குக் கலைஞ்சதும் அப்படித்தான் இருந்திருக்குமோ?"

"ஆமா சித்தி."

"வெறும் ரத்தம்னாளே அந்த மருத்துவச்சி."

பெரியம்மாவும் சித்தப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் மிச்சமிருந்த சொந்தங்களைக் கூட்டி, உண்மையைச் சொன்னேன். "விடுங்க அண்ணாச்சி, இப்பப் போயி முட்டைக் கதையச் சொல்லிக்கிட்டு" என்று சித்தப்பாவின் மகன் பந்திக்கு எழுந்துவிட்டான். அவன் பிறந்ததே நான் பேசாமல் இருந்ததால்தான்.

இப்போது கோவில்பட்டியில் தனியாக இருக்கிறேன். எங்கள் தெருவில் அடைக்கோழி கிடையாது. அட்டை அட்டையாகக் கடைக்கு வரும் முட்டைகளில் உயிர்க்கருவே இல்லை. மாதம் ஒருமுறை கழுகுமலைக்குப் போகிறேன். போன மாதம் தம்பியின் பேத்தி, பிறந்து நாற்பது நாளான தன் குழந்தையை, கேட்காமலே சித்தியின் மடியில் கிடத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"உங்க கையில ஒரு கேடும் இல்ல சித்தி. பிடிங்க" என்றேன்.

சித்தி இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை காலை உதைத்தது.

"தெரியும்லே. நீ சொன்னது எல்லாம் தெரியும். எடுத்துரு, எடுத்துரு" என்றாள்.

நான்தான் தூக்கிக்கொண்டேன்.