இஞ்சாரும்

சுமித்திராவை அவள் புருசன் சுபாஸ்கரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருசமும் "இஞ்சாரும்"தான், 'இங்கே பாரும்' சுருங்கி அப்படி ஆனது. அவர்கள் ஊரான வேலணையில் பாதிப் பெண்களுக்குப் புருசன் வாயில் பெயர் அதுதான். தேத்தண்ணிக்கா, கோபமா, கொஞ்சலா என்பதைக் குசினி அடுப்படியில் நின்றபடியே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

போன மாரியில் அவர் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும், அதன்பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நாள்தோறும் கதிர்ச் சிகிச்சை, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஓர் அறை பார்த்து வையுங்கள் என்றார் டொக்டர். வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வெட்டின தொண்டையோடு அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வர எந்த மனிதனால் முடியும்?

விளம்பரம் போடும் இணையத்தளத்தில், அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றி நாற்பது அறை கிடந்தது. இரண்டில் 'சிங்களவருக்கு மட்டும்' என்று வெட்கமில்லாமல் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் நாகரிகமானவர்கள். சுபாஸ்கரன் என்ற பெயரைக் கேட்டபிறகுதான் அவர்களுக்கு அறை போய்விட்டது.

அப்போதுதான் சுமித்திராவுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது. அது தமிழ், சிங்களம் இரண்டு பக்கமும் செல்லும் பெயர். சிங்களமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறந்தது மாத்தறையில், அப்பாவின் கடைக்குப் பின்வீட்டில். கலவரத்தில் கடை எரிந்து ஊருக்கு ஓடிவந்தபோது வயது ஒன்பது. இப்போது குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவு விகாரைக்குப் போகும் சிங்களச் சனத்துக்குப் பனம்பழப் பினாட்டு விற்கிறாள். "சுமித்திரா நங்கி" என்று தங்கச்சி முறை கொண்டாடி அவர்கள் அவளோடு நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த இலக்கத்துக்கு அவளே எடுத்தாள். வீட்டுக்காரி நல்ல மனுசி. சொந்த ஊர் எது என்று கேட்டாள். மாத்தறை என்றாள் சுமித்திரா. பொய்யில்லை, ஆனாலும் நெஞ்சு குறுகுறுத்தது.

"ஐயோ பாவம், தொண்டையிலா? நான் கஞ்சி வைத்துத் தருகிறேன், திங்கட்கிழமையே வாருங்கள்" என்றாள் வீட்டுக்காரி சிங்களத்தில்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது. "இஞ்சாரும்... தண்ணி."

"ஓம், வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டாள் சுமித்திரா. இருபத்தாறு வருசப் பழக்கம், நாக்கு யோசிக்கவில்லை.

பிறகு, "மறந்துபோனேன், அக்காவின் மகன் வந்து தங்கப்போகிறான்" என்றது அதே நல்ல குரல். அன்று பின்னேரமும் விளம்பரம் அப்படியே இருந்தது. அக்காவின் மகன் வரவே இல்லை போலும்.

அவள் கோபமெல்லாம் போக இடமில்லாமல் அவர்மேல் பாய்ந்தது. "போன் கதைக்கேக்க ஒரு நிமிசம் வாயைப் பொத்திக்கொண்டிருக்க ஏலாதே உங்களுக்கு? உங்கட குரலாலதான் எல்லாம் பிழைச்சது!"

அன்றிலிருந்து சுபாஸ்கரன் தண்ணீர் வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரில் தட்டினார். முதலில் அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, இன்னும் பதினேழு பேருக்குப் போன் எடுக்கவேண்டியிருந்தது. ஒருவர் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். அதற்குப் பதிலே வரவில்லை.

அறை கிடைக்காமலே ஒப்பரேசன் நாள் வந்தது. தள்ளுகட்டிலில் அவரை ஏற்றினபோதுதான் அவளுக்கு உறைத்தது, பன்னிரண்டு நாளாக அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் என்னைக் கூப்பிடுங்கோ. ஒரேயொருக்கால்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அதில் போன் இருந்தது. யாரோ வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் சிரித்தார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.