இரவல் பாட்டு

"இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டபடியே மெஷினை முடுக்குவார் இசக்கிசெல்வி. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக்கடையில் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது அவர் வேலை. தமிழானாலும் மலையாளமானாலும் எழுத்து கோணாது. அந்த இரைச்சலுக்குள்ளேயே மெட்டும் கட்டுவார். நடுவில் கடை முதலாளியே கூப்பிட்டாலும் முறைப்பார்: பெயர் கெடும் என்றல்ல, சரணம் கெடும் என்று.

அப்படிப் பிறந்த பாட்டுகள் இன்று ரேடியோவிலும் கல்யாண மேடைகளிலும் ஒலிக்கின்றன. ராயல்டி வசூலிக்கும் சங்கம் ஒன்றில் சேர்ந்து, எல்லாப் பாட்டின் உரிமையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஒவ்வொரு கச்சேரிக்காரன் பின்னாலயும் நான் ஓட முடியுமா? சங்கம் ஓடட்டும்" என்பார்.

போன வருடம் சங்கம் கொஞ்சம் அதிகமாகவே ஓடிவிட்டது. பொன்முடித் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் அவருடைய மழைப் பாட்டைப் பாடி இணையத்தில் போட, சங்கத்தின் புகாரில் அந்த வீடியோ முடங்கியது. "எம் பேரச் சொல்லி எம் பாட்டையே பூட்டிட்டாவளே" என்று செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே சங்க அலுவலகத்துக்குப் போனார். "ஒரு பாட்டு மாத்திரம் ஃப்ரீயா விடான் பற்றில்ல, முடியாது சேச்சி. எல்லாம் இங்க இருக்கணும், அல்லெங்கில் மொத்தமா விலகிக்கோங்க" என்றார் செயலாளர் ஸ்ரீஜித்.

செல்வி அசரவில்லை. "எங்க வீட்டு அண்டாவ அடுத்த வீட்டுக்கு இரவல் குடுப்பேன் சாரே. அத ஒருத்தன் வாங்கிட்டுப் போயி வாடகைக்கு விட்டா, வாடகை எனக்கு வரணும்லா? சும்மா பாடுற பிள்ளைகளுக்கு இரவல். காசு பாக்கவன்கிட்ட நீங்க வசூலிங்க."

சங்கக் குழு கூடி விவாதித்து, கடைசியில் அதையே விதியாக்கியது. இப்போது மற்ற உறுப்பினர்களும் பாட்டுகளை அப்படி விடுகிறார்கள். சங்கத்தில் அதற்குப் பெயரே 'இரவல்'தான். சொல்லும்போது செல்வியின் தலை தானாக நிமிர்கிறது; நிமிரட்டுமே.

வீடியோ மறுபடி ஏறியது. கீழே 'நாடன் பாட்டு' என்று போட்டிருந்தது. பூட்டில்லாத பாட்டு என்றால் நாட்டுப்பாடல்தான் என்று நினைத்துவிட்டார் பள்ளியின் ஆதிரா டீச்சர். செல்வி போனை எடுத்தார்.

"டீச்சரே, நாடன் பாட்டுன்னா கட்டினவ என்னிக்கோ செத்துப் போயிருக்கணும். நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். இரவல் பாத்திரத்துல பேர அழிக்கலாமா?"

"அய்யோ, ஸாரி சேச்சி. இப்பத் தன்னெ மாத்தாம்."

மாற்றியும் விட்டார். கடையில் கூட்டம் ஓய்ந்ததும் செல்வி வீடியோவைத் திறந்தார். பிள்ளைகள் உற்சாகமாகப் பாடத் தொடங்கினார்கள். அவர் சத்தத்தை அடைத்துவிட்டு, கீழேயிருந்த தன் பெயரை இரண்டு விரலால் திரை முழுக்க விரித்து, கடை முதலாளியின் கண்ணுக்கு நேரே நீட்டினார்.