பதினோரு பேருக்கு ஒரு கூரை

1962 ஏப்ரல், மூன்றாவது சனிக்கிழமை. காலை ஆறே காலுக்கு நோர்வூட் சந்தியில் ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். அப்பா, அம்மா, தங்கை கமலம், அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஐந்து பிள்ளைகள், நான் என்று பதினோரு பேர். பெரியவர்கள் ஒருவர் கையும் சும்மா இல்லை. ஒரு பெட்டி, பாய்ச் சுருள் இரண்டு, கம்பளி மூட்டை ஒன்று, ஒரு வேளைச் சோறு.

நுவரெலியாவில் சீசன் காலம். ஏரிக்கரை மைதானத்தில் கார்னிவல் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு ராட்டினம் காட்டப் போகிறோம் என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்லியிருந்தோம். உண்மையான காரணம் அம்மாவுடையது. அண்ணனும் அண்ணியும் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். விசாக் காலம் மே மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்த ஏழு பேரும் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். நாங்கள் நால்வரும் இங்கே பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்கள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணனுக்கு அதே தோட்டத்தின் வேறு டிவிஷனில், இரண்டு மைல் தள்ளி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பதினோரு பேர் படுக்க முடியாது. ஆகவே எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் ஒரு நாளும் தூங்கியதில்லை. "ஒரு ராத்திரி எல்லாரையும் ஒண்ணாப் படுக்கவச்சுப் பாத்துர்றேன்யா" என்று அம்மா கேட்டார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஹட்டனில் ஆசிரியனாக இருக்கும் மகனிடம் அவர் கேட்ட முதல் உதவி அது.

ஆறு விடுதிகளுக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு பேர் என்றதும் நான்கிலிருந்து பதிலே வரவில்லை. ஐந்தாவது விடுதி ஒரு நாளைக்குக் கேட்ட தொகை அண்ணனின் இரண்டு மாதச் சம்பளம். ஆறாவது மட்டும் கைகூடியது. ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் பங்களாவைச் சீசனுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் கதவுள்ள இரண்டு அறைகள், இரவுக்கு இருபத்தைந்து ரூபாய். பாயும் போர்வையும் நாமே கொண்டுவர வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் வராவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஹட்டனிலிருந்து நானுஓயா வரை ரயிலில் இருபது மைல். தலவாக்கலையைத் தாண்டியதும் பிள்ளைகள் பக்கத்துக்கு இருவராகச் சன்னலில் தொற்றிக்கொண்டார்கள். எதிரில் இருந்த காய்கறி வியாபாரி ராகலைக்காரர். அண்ணனைப் பார்த்து, "என்னங்க, ஒரு பெரட்டையே கூட்டிக்கிட்டுப் போறீங்க? கண்டாக்கு எங்க காணோம்?" என்றார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசைக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர்; அதை மேற்பார்க்கும் அதிகாரி கண்டாக்கு.

"இந்தப் பெரட்டுக்கு இவதாங்க கண்டாக்கு" என்று அண்ணன் அண்ணியைக் காட்டினார்.

"ஆமா, பேரு போடுறதும் நான்தான், அரைப்பேரு வெட்டுறதும் நான்தான்" என்றார் அண்ணி, நாள்கூலியைப் பதிந்து பாதியை வெட்டுகிற அதிகாரியின் மிடுக்கோடு. அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஒன்பதே முக்காலுக்கு நானுஓயா. நுவரெலியாவுக்கு இன்னும் ஐந்து மைல். பஸ் பிதுங்கியது. "மூட்டையோட ஏறாதீங்க மாஸ்டர், ஆளுக்கே எடமில்ல. அடுத்ததுல வாங்க" என்றார் கண்டக்டர். மூட்டைகளோடு நான் நின்றுகொண்டேன். மற்றப் பத்துப் பேரையும் ஏற்றி, விடுதியின் கடிதத்தை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். "ஏரி ரோட்டுல மூணாவது கேட்டு. பங்களாவில இத குடுங்கப்பா, போதும். நான் பின்னாலேயே வந்துர்றேன்." அடுத்த பஸ்ஸிலும் மூட்டைக்கு இடமில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது.

முன்வராந்தாவில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. கொழும்புக் கார் ஒன்று நின்றது. அதன் மேலிருந்து தோல்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் கோடாலிச் சத்தம் கேட்டது. சுற்றிப் போனேன். சமையற்கட்டு முற்றத்தில் அப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார். அண்ணன் பிளந்ததை அடுக்கினார். அம்மாவும் அண்ணியும் குழாயடியில் பீங்கான் தட்டுகளைக் கழுவினார்கள். பிள்ளைகளைக் கமலம் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்திருந்தாள். கடிதம் அப்பாவின் பையிலேயே இருந்தது.

"என்னப்பா இது? கடுதாசிய யாருகிட்டயும் குடுக்கலியா?"

"பங்களான்னா பின்னாலதானேய்யா நிக்கணும். கூப்புட்டதும் குடுக்கலாம்னு நின்னோம். சமையக்காரரு வந்து வெறக காட்டுனாரு. சும்மா நிக்கிறதுக்கு..." என்றார் அப்பா.

சமையற்காரர் வாசலுக்கு வந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "வெறகு பொளக்க ரெண்டாளு வருவாங்கன்னு ஐயா சொல்லியிருந்தாருங்க. இவங்கதான்னு நெனச்சுட்டேன். தங்க வந்தவங்கன்னு ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

பொறுப்பாளர் வயதான சிங்களவர். கெட்ட மனிதர் அல்லர். "பன்னிரண்டு மணி வரைக்கும் வராந்தாவிலதான் இருந்தேன் மாஸ்டர். ஒருத்தரும் வரல்ல. பத்து நிமிஷம் கூடவும் பார்த்தேன். இப்ப அந்த ஆட்களிட்ட காசு வாங்கியாச்சு. என்ன செய்ய ஏலும்?" என்றார். பிறகு, வேலைக்காரர் அறை ஒன்று இருக்கிறது, அஞ்சு பேர் படுக்கலாம், காசு வேண்டாம் என்றார். கூலியாக அப்பாவிடம் இரண்டு ரூபாயை நீட்டினார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் யாரைக் குற்றம் சொல்வேன்? துரையின் முன்படியில் கால் வைக்கக் கூடாது என்பதை நாற்பது வருடங்களாக அந்த உடம்புக்குப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். எந்த வாசலில் போக வேண்டும் என்று சொந்தத் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுப்பது அவமரியாதை என்று எண்ணி நான் சொல்லாமல் விட்டேன். என் நாசூக்கின் விலையைக் கொடுத்தவர் அம்மா.

ஒரு மணி முதல் மூன்றரை வரை நானும் அண்ணனும் ஊரைச் சுற்றினோம். கடைவீதிச் சைவ ஹோட்டலின் மாடியில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். கோயில் மடத்தில் கார்னிவல் கடைக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். ரேஸ் மைதானத்தின் பக்கம் ஒரு வீட்டில், பெரியவர்கள் ஆறு பேர் என்றால் சரி, பிள்ளைகள் கூடாது என்றார்கள். "புள்ளைகள எங்க வைக்கிறதுன்னு கேட்டியாடா? பெட்டிக்குள்ளயா?" என்று அண்ணன் சிரிக்க முயன்றார். அடுத்த வீட்டின் அழைப்பு மணியை அவர் அழுத்தவில்லை. என்னை அழுத்தச் சொன்னார்.

திரும்பி வந்து கணக்கைச் சொன்னேன். பெண்களும் பிள்ளைகளில் இருவரும் வேலைக்காரர் அறையில். ஆண்களும் மற்ற மூவரும் ஹோட்டல் மாடியில். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலத் தெளிவாகவே சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிரிஞ்சு படுக்கிறதுக்கு எதுக்குய்யா இம்புட்டுத் தூரம்? அதத்தான தோட்டத்துலயும் செஞ்சுக்கிட்டிருக்கோம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை விசாரித்து வந்தேன்.

நாலு மணிக்குப் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றினோம். ஆளுக்கு இருபத்தைந்து சதம். உச்சியில் நிற்கும்போது தோட்டம் தெரியுமா என்று மூத்தவள் கேட்டாள். தெரியாது, நடுவில் மலை இருக்கிறது என்றேன். "அப்ப இந்தியா?" என்றாள். அண்ணி அவளுடைய தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார்.

ஐந்தேகால் ஹட்டன் பஸ்ஸில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. முன்னால் மூவர், பின்னால் நால்வர், மீதிப்பேர் நின்றுகொண்டு வந்தோம். ஹட்டனில் கடைசி நோர்வூட் பஸ்ஸைப் பிடித்து, தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் இறங்கினோம். அண்ணன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் டிவிஷன் பக்கம் திரும்பினார். அண்ணியும் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். விரிக்காத பாய்ச் சுருளில் ஒன்று அவர்களோடு போயிற்று, ஒன்று எங்களோடு வந்தது. மே இருபதாம் தேதி அவர்கள் கப்பலேறினார்கள்.

பெரிய குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போக விரும்பும் வாசகர்களுக்குச் சில விவரங்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏப்ரலைத் தவிருங்கள். ஜூன் மாதம் திரும்பப் போய் விசாரித்தேன். ராகலை ரோட்டில் ஒரு வீடு இருக்கிறது. நீளமான ஒரே கூடம், சீசன் அல்லாத நாளில் இரவுக்கு எட்டு ரூபாய், எத்தனை பேர் என்று கேட்பதில்லை. வீட்டுக்கார அம்மாள் நல்லவர். எங்களை வரச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டார். நாங்கள் இப்போது நான்கு பேர். நான்கு பேருக்கு நுவரெலியாவில் எங்கே கேட்டாலும் இடம் தருகிறார்கள்.