அரிசி டின்னில் இருந்த டேப்

அந்த மேனேஜர் செருப்பைக் கழற்றாமலே எங்கள் வீட்டுக்குள் வந்தார். அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அது போதும். மற்றதெல்லாம் பிறகு.

என் ராத்தா, எனக்கு மூத்தவள், செம்பூரில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தாள். பல கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ். எண்களைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவள் வேலை. எங்கள் தாராவிச் சந்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள்தான். பெண்பிள்ளையை அனுப்பாதே என்று சொந்தக்காரர்கள் வாப்பாவிடம் வந்து வந்து சொன்னார்கள். ராத்தா போய்க்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் மொத்தக் கணக்கையும் ஒரு டேப்பில் நகல் எடுப்பார்கள். பாட்டுக் கேசட்டைவிடப் பெரியது. அடியில் தகடு வைத்தது. கனமாக இருக்கும். ஆபீஸ் எரிந்துபோனாலும் கணக்கு பிழைக்க வேண்டும் என்று அந்த டேப்பை வெளியே எங்காவது வைக்க வேண்டுமாம். அந்த எங்காவது எங்கள் வீடாக இருந்தது. மேனேஜர் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். ராத்தா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவாள். "பத்திரமா வைங்க உம்மா" என்று கொடுத்துவிட்டு முகம் கழுவப் போவாள். உம்மா உள்ளே கொண்டுபோய் வைப்பாள். பீரோவில் இருக்கிறது என்று ராத்தா நினைத்திருந்தாள். மறு சனிக்கிழமை டேப் திரும்பப் போகும்.

மழைக்காலம் தொடங்கியது. டேப் மெதுவானது. அரை மணியில் முடிகிற நகல் இருட்டும்வரை இழுத்தது. ராத்தா அதை வீட்டில் நடித்துக் காட்டுவாள். மிஷின் டேப்பைக் கொஞ்சம் ஓட்டும். நிற்கும். பின்னால் இழுக்கும். மறுபடி ஓட்டும். கர், கர் என்று சத்தம்.

"எழுதினதை அதுக்கே படிக்க முடியல. அதான் திரும்பத் திரும்ப எழுதுது" என்றாள்.

உம்மா என்னைப் பார்த்து, "இவ வீட்டுப்பாடம் மாதிரி" என்றாள்.

ராத்தா சும்மா இருக்கவில்லை. மிஷினைத் துடைத்துவிட்டுப் புது டேப் போட்டுப் பார்த்தாள். வேகமாக ஓடியது. அடுத்து எங்கள் வீட்டு டேப். இழுத்தது. மறுபடி அதே புது டேப்பைப் போட்டாள். இப்போது அதுவும் இழுத்தது. எங்கள் டேப்பில் இருக்கிற ஏதோ ஒன்று, டேப்பைப் படிக்கிற மிஷின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. அவளே போய் மேனேஜரிடம் சொன்னாள். அவர் பஞ்சால் துடைத்தார். வெள்ளையாக வந்தது. தாராவி அழுக்கு என்றாராம். வந்து பாருங்கள் என்றாளாம் இவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிட்டார். மாட்டுங்காக்காரர். பேசுவது தமிழ்தான், வேறு மாதிரித் தமிழ். மூக்கில் கைக்குட்டை. பையிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்து உம்மா முன்னால் பிரித்தார்.

"பாருங்கோ. மிஷின்லேர்ந்து எடுத்தது. இந்த மாதிரி எடத்துல இருந்துண்டு கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தா இப்படித்தான் ஆகும். உங்க பொண்ணு நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

உம்மா கையில் டீயோடு நின்றாள்.

ராத்தா ஜன்னல் கம்பியை விரலால் வழித்தாள். விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சார், தாராவித் தூசி இந்த நெறம். கறுப்பு. நீங்க கொண்டாந்தது வெள்ளை. எங்க ஏரியா பேரை இதுல இழுக்காதீங்க."

"பின்ன இது என்ன? டேப்புக்குப் பவுடர் போட்டு அனுப்பினியோ?"

உம்மா குனிந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் தேய்த்தாள். அவள் முகம் மாறியது. மூலையில் இருந்த அரிசி டின்னைப் பார்த்தாள். ராத்தாவும் அதைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் தொலையக்கூடாத எதுவும் அரிசிக்குள்தான் போகும். உம்மாவின் வளையல், ரேஷன் கார்டு, எல்லாம். பீரோவை உம்மா நம்பமாட்டாள். மழைக்காலத்தில் வண்டு வராமல் இருக்க அரிசியில் போரிக் பவுடரும் கலந்து வைப்பாள்.

நான் வாயைத் திறந்தேன். "உம்மாதான்..."

ராத்தா என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"நான்தான் சார் வச்சேன். அரிசி டின்ல."

டின்னைத் திறந்து கையை உள்ளே விட்டாள். வெளியே வந்த கை வெள்ளையாக இருந்தது. கூடவே வளையலும் வந்தது. மேனேஜர் சிரித்தார்.

"கம்ப்யூட்டர் டேப்பை அரிசில வெச்சியா? ஆபீஸ்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா."

"சிரிக்கட்டும். எங்க உம்மா வளையல் கெடக்குற எடத்துல உங்க டேப்ப வச்சேன். நீங்க எதுல வச்சுக் குடுத்தீங்க? பழைய பேப்பர்ல. பெட்டி கேட்டேன். லாக்கர் எடுங்கன்னு சொன்னேன். வீண் செலவுன்னீங்க."

"தப்பையும் பண்ணிட்டு வாயும் பேசற."

"தப்பு என்னோடது. தாராவியோடது இல்ல. அதை மாத்திச் சொல்லுங்க. பொறவு வேலைய விட்டு அனுப்புங்க."

அவர் மாற்றிச் சொல்லவில்லை. பஞ்சை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். டீயை யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் ராத்தா எப்போதும்போலத் தலை சீவிக்கொண்டு கிளம்பினாள். வர வேண்டாம் என்றாரே என்றேன்.

"எழுதித் தரட்டும்" என்றாள்.

போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாதக் கடைசி. அடிக்க வேறு ஆள் இல்லை. எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மேனேஜர் ஒரு புதுத் தகரப் பெட்டியில் டேப்பை வைத்து நீட்டினாராம். தாராவியைப் பற்றிச் சொன்னதை மாற்றினால்தான் கொண்டுபோவேன் என்று இவள் கையைக் கட்டிக்கொண்டாளாம். கடைசிவரை அவர் மாற்றவில்லை. கடைசிவரை இவள் வாங்கவுமில்லை. டேப் மாட்டுங்காவுக்கு, அவர் வீட்டுக்கே போனது.

என் கோபம் அவர் மேல் இல்லை. ராத்தா மேல்தான். பொய் சொன்னால் எங்கள் வீட்டில் அடி விழும். இவள் எல்லார் முன்னாலும் சொன்னாள். உம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் போனபின் உம்மா அந்த அரிசி முழுவதையும் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்றேன்.

"ராத்தா பொய் சொன்னா. நீங்க ஏன் உம்மா சும்மா இருந்தீங்க?"

உம்மா சுளகைத் தட்டினாள். ராத்தாதான் பதில் சொன்னாள்.

"என்னைப் பார்த்துச் சிரிச்சா நான் திருப்பிக் குடுப்பேன்ளா. உம்மாவைப் பார்த்துச் சிரிச்சா?"

நான் கேட்டது ஒன்று, இவள் சொல்வது வேறு. பதில் தெரியாமல் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன்.