குளியலறையில் இரண்டு அலுமாரிகள்

“மிஸ், அண்ணி போயிட்டாங்க” என்று சிவலிங்கம் தொலைபேசியில் சொன்னபோது, காலைக் கூட்டத்துக்கு மாணவிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். “வேற எந்த ஆஸ்பத்திரிக்கு?” என்று கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கு இல்ல மிஸ்” என்றார். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.

மரகதம் அக்கா ஹட்டன் பஜாரில் தளபாடக் கடை நடத்தியவர். கணவர் இறந்தபின் கொழுந்தன் சிவலிங்கத்தோடு சேர்ந்து கடையைப் பார்த்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகே விலை சொல்வார். கடைக்கு ஒருமுறை போனவர்களுக்குக்கூட அந்தத் தட்டல் நினைவிருக்கும்.

நான் முதலில் போனது ஒரு புத்தக அலுமாரி வாங்குவதற்காக.

“இது மரமா?” என்று கேட்டேன்.

“மரந்தான் மிஸ். ஆனா அரைச்ச மரம். வடையில பருப்பு இருக்குற மாதிரின்னு வச்சுக்குங்க.”

பார்ட்டிகல் போர்ட் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்தி, மேலே வழவழப்பான தாள் ஒட்டிய பலகை அது. இருந்தாலும், இனிமையாகப் பேசும் வியாபாரிகளிடம் எனக்கு எப்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. பலகையை நானும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

“தண்ணி பட்டா உப்பிடுதுங்குறாங்க. எங்க இருந்து உப்ப ஆரம்பிக்குதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. நீங்க சயன்ஸ் மிஸ்தானே, உங்களுக்குத் தெரியுமா?”

நம் ஊரில் உப்புக்கூடத் தானாகக் கசியும். மூடுபனியின் ஈரம் ஒன்றே போதும், எல்லாப் பக்கமும் ஒரேயடியாக உப்பும் என்றேன்.

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார், துளியும் நம்பாத குரலில். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

சில காலம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் கடையில் இருந்தபோது வட்டகொடையிலிருந்து புஷ்பராணி என்ற பெண் உரப்பையில் ஓர் உடைந்த பலகையைச் சுமந்து வந்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போனவர்கள். வீட்டுக்குள்ளேயே குளியலறை என்பது அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் தடவை. மூட்டுவலிக்கார அம்மாவின் துணிமணி வைக்க, இந்தக் கடையில் வாங்கிய சிறிய அலுமாரியை அதற்குள் வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு எழும்புவது வழக்கம். அன்று காலை அலுமாரி சரிந்து, அம்மாவும் விழுந்து, மணிக்கட்டு பிசகிவிட்டது.

“பாத்ரூம்ல வைக்கலாமான்னு கேட்டுத்தானே வாங்குனேன்? தாராளமா வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சிவலிங்கம் தடுமாறினார். “நீங்க தண்ணிய ஊத்திக் கழுவியிருப்பீங்க…”

“பாத்ரூம்ல தண்ணி ஊத்தாம வேற என்னாத்த ஊத்துவாங்க, பாலா?”

“தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரு” என்ற அக்கா பலகையை வெளிச்சத்தில் பிடித்தார். கடையிலிருந்து போனபோது சுற்றியிருந்த பொலித்தீன் அப்படியே இருந்தது.

“இத ஏம்மா உரிக்கல?”

“புதுசாச்சேக்கா. அழுக்காயிடும்னுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. கடையின் கல்குலேட்டரிலேயே பொலித்தீன் உரிக்கப்படாமல்தான் இருந்தது. அடிப்பக்கம் மடிந்து கிடந்த உறைக்குள் தண்ணீர் தேங்கி, தாள் ஒட்டாத அடிவிளிம்பை நாளெல்லாம் நனைத்திருக்கிறது. அக்கா அன்றே ஒரு பிளாஸ்டிக் அலுமாரியோடு வட்டகொடைக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு தம் வீட்டுக் குளியலறையில் அப்படியொரு அலுமாரியை வைத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஒன்றை மட்டும் வைத்தால் எதுவும் தெரியாது, இரண்டு வேண்டும் என்றேன். விற்கிறவரே செய்யும் சோதனை விற்கிறவருக்குச் சாதகமாகத்தான் முடியும் என்றும் உள்ளூர நினைத்தேன். இரண்டிலும் பொலித்தீனை உரித்தார். ஒன்றை அப்படியே தரையில் வைத்தார். மற்றதற்கு அடிப்பக்கத்திலும் விளிம்புகளிலும் பெயின்ட் அடித்து, கால்கள் பூட்டி உயர்த்தி வைத்தார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் முதல் அலுமாரியின் அடி, தேநீரில் முக்கிய பிஸ்கட் போலாகிவிட்டது. மேல்தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“மிஸ், உங்க மூடுபனி ஒண்ணுமே பண்ணலையே! தரையில ஊத்துன தண்ணியத்தான் குடிச்சிருக்கு.”

பெயின்ட் அடித்த அலுமாரி நன்றாகவே நின்றது. ஆனாலும் அக்கா கடையில் ஓர் அட்டையை எழுதி மாட்டினார்: ‘இந்த அலுமாரிகள் குளியலறைக்கு வேண்டாம்.’

சிவலிங்கத்துக்குக் கோபம். “ஒண்ணு நல்லாத்தானே அண்ணி இருக்கு? பெயின்ட் அடிச்சுக் கால் பூட்டிக் குடுத்தா என்னா?”

“இன்னும் ஒரு மழை போகட்டும் தம்பி, மழையிலதான் தரை காயவே காயாது. வயசானவங்க புடிச்சு எழும்புற சாமான்.”

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இதே பேச்சு, இதே பதில். சோதனை முடிந்துவிடுவதில் அவருக்கே விருப்பமில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. அவர் வீட்டுக்குப் போனால் முதலில் குளியலறைக்குத்தான் கூட்டிப்போவார். இருவரும் குனிந்து, அலுமாரிக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்போம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, நான் நலம் கேட்பதற்கு முன் அவர் கேட்டுவிட்டார். “வீட்டுக்குப் போனீங்களா? கைய விட்டுப் பாத்தீங்களா?”

இல்லை என்றேன்.

“பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

இறுதிச் சடங்கன்று சிவலிங்கம் என்னிடம், முப்பதாம் நாள் சடங்கு கழிந்ததும் அந்த அட்டையை எடுத்துவிடப்போவதாகச் சொன்னார். “எத்தன மழைய பாத்துட்டோம் மிஸ். அண்ணி மனசுக்காகத்தான் விட்டு வச்சிருந்தேன்.” எடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பெட்டி வெளியே போனது. பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். கால் கழுவக் குளியலறைக்குப் போனவள் பழக்கத்தில் குனிந்தேன். முன்பக்கம் வழவழவென்றுதான் இருந்தது. பின்னால், இடது கால் பூட்டிய இடத்தில், விரலில் ஒரு மேடு தட்டியது. அழுத்தினேன். பலகை உதிர்ந்து விரலோடு வந்தது.

மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த சிவலிங்கத்தை அழைத்தேன். அவர் ஈரத்தரையில் மண்டியிட்டு, கையை அடியில் விட்டு, உதிர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஸ்குரூ ஓட்டை” என்றார். “அதுக்குள்ள பெயின்ட் அடிக்கவே இல்ல மிஸ். நம்ம யாருக்குமே தோணலயே.” பிறகு, “அண்ணி இருந்தா இத வச்சே என்னைய ஓட்டியிருப்பாங்க” என்று சொல்லி அழுதார்.

அட்டை கடையில் இருக்கிறது. எழுத்து மங்கிய இடங்களில் அவரே மறுபடி எழுதியிருக்கிறார்.

அக்கா, நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னீர்கள். பார்த்தேன். பின்பக்கம், இடது கால். தண்ணீர் நாம் விட்டுவிட்ட ஒரே இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. நீங்கள் இன்னொரு மழைக்குக் காத்திருந்தது சரிதான். போய் வாருங்கள்.