யாரும் எழுப்பாத இழை

அலுவலகத்தில் அவளைக் கீழ்மாடி அக்கா என்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் மூன்றாவது மாடி. சோதனை இயந்திரத்தின் எடையை மேல்தளம் தாங்காது என்று அதைக் கீழே இறக்கியபோது, கூடவே அவளையும் இறக்கிவிட்டார்கள். பதினாறு வருடமாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்தம் என்று வேறு ஊரில் ஒரு அண்ணன் மட்டும். சில நாள் மாலையில் காவலாளியிடம் "வரேன்" என்பதுதான் அன்றைக்கு அவள் பேசும் முதல் வார்த்தை. தொண்டை கட்டிப்போயிருக்கும்.

பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. ஒரு பழச்சாறு ஆலையிலிருந்து புகார் வந்தது. பாட்டிலே வராத நேரத்தில் மூடி அழுத்தும் கை தானாக இறங்கியிருக்கிறது. நான்கு மாதத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை பெல்ட் கிழிந்து ஒரு நாள் வேலை நின்றது. இயந்திரத்தின் பதிவில் எந்தக் கோளாறும் இல்லை. ஆபரேட்டர் தூங்கி வழிந்து பட்டனை அழுத்தியிருப்பார் என்று முடிவு கட்டி, அவரைக் கிடங்கில் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டார்கள்.

மேலாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஆபரேட்டர் தவறு. புகாரை மூடிவிடலாமா அக்கா?"

அவள் மூடவில்லை. ஆபரேட்டரின் வாக்குமூலம் இணைப்பில் இருந்தது. "நான் தொடவே இல்ல. யாரும் சொல்லாமலே அதுவா முழிச்சுக்கிச்சு."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் கண் நின்றது. அவள் நிரலுக்குள் பல இழைகள், அதாவது ஆளுக்கொரு வேலை பார்க்கும் சிறு நிரல்கள், தனித்தனியே ஓடும். ஓர் இழை பாட்டில் வருகிறதா என்று பார்க்கும். கையை இறக்கும் இழை உறங்கிக் கிடக்கும். பாட்டில் வந்ததும் முதல் இழை அதை எழுப்பும். ஆனால் உறங்கும் இழை எப்போதாவது யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்ளலாம். கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அதனால் விழித்ததும் பாட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இல்லையென்றால் திரும்பப் படுத்துவிட வேண்டும்.

எழுப்பியது எத்தனை முறை, விழித்தது எத்தனை முறை என்று எண்ணச் சொல்லி, சோதனை இயந்திரத்தைத் தினமும் நாள் முழுக்க ஓடவிட்டாள். பத்தொன்பதாம் நாள், மத்தியானம், எழுப்பியதைவிட விழித்த எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. வெறும் பெல்ட்டின் மேல் கை இறங்கி ஏறியது.

நிரலைத் திறந்தாள். விழிக்கும்போதெல்லாம் மறுபடி பார்க்கச் சொல்லும் 'வொயில்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'இஃப்' இருந்தது. உறங்கும் முன் ஒரு தடவை பார்த்ததோடு சரி. எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. அவள் பெயர்தான். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.

திருத்த அரை நிமிடம் ஆனது. மேலாளருக்குப் போன் செய்தாள்.

"சூப்பர்க்கா. 'நிலைத்தன்மை மேம்பாடு'ன்னு போட்டு அனுப்பிடுங்க."

"மேம்பாடு இல்லப்பா, தப்பு. என் தப்பு. அந்த ஆள் தூங்கலன்னு நான் எழுதணும்."

"சரி, எழுதுங்க."

ஆலைக்கு அவள் எழுதிய கடிதத்தின் நகலை வாங்கிக்கொள்ள ஆபரேட்டரே நேரில் வந்தார். இரண்டாவது நாற்காலியில் குவிந்திருந்த ஒயர்களை அள்ளித் தரையில் போட்டு அவரை உட்காரவைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"வீட்டுல படிச்சுக் காட்டணும் மேடம். எம் பொண்டாட்டியே 'கண்ணசந்திருப்பீங்க'ன்னுட்டா."

"மன்னிச்சிருங்க. எழுதினது நான்தான்."

"தெரியுது. கையெழுத்தே போட்டிருக்கீங்களே." சுற்றிப் பார்த்தார். "இங்க தனியாவா இருக்கீங்க?"

"மெஷின் இருக்குல்ல?" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "நானும் ஒன்பது வருஷம் மெஷின்கூட இருந்தவன். அது பேசாது மேடம்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திருத்திய நிரலை அந்த இயந்திரம் ஓடும் எல்லா ஆலைகளுக்கும் அன்றே அனுப்பினாள். யாரும் பதில் போடவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆபரேட்டரைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டதாக ஆலையிலிருந்து மேலாளருக்குக் கடிதம் வந்தது. மேலாளர் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டிருந்தார். மெதுவாகப் படித்தாள். 'பார்த்தேன்' என்று பதில் எழுதிவிட்டு, அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்ததால் அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.